பாறை இடுக்கில் ஒரு கிழங்கு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் "நேபாளத்தின் கடைசி மன்னர் யார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஞானேந்திரா என்றும், 2008 மே 28 அன்று அங்கே முடியாட்சி ஒழிக்கப்பட்டது என்றும் நாலு வரி எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "முதல் மன்னர் பிருத்வி நாராயண் ஷா" என்று போகிற போக்கில் ஒரு வாலையும் ஒட்டிவிட்டேன். அந்த வாலைப் பிடித்து இழுத்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டு கிடக்கின்றன. சரி, இந்த முறை சினிமா, கிரிக்கெட், மாமியார் மருமகள் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அவரையே பார்த்துவிடுவோம்.

ஆர்.வி., கும்பகோணம்: முதல் மன்னர் என்று எழுதியது தப்பு. அவருக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே லிச்சவிகள், அப்புறம் மல்லர்கள் எல்லாம் நேபாளத்தை ஆண்டிருக்கிறார்களே?

தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நேபாளம் வேறு, இந்த நேபாளம் வேறு. அந்தக் காலத்தில் நேபாளம் என்றால் காட்மாண்டு பள்ளத்தாக்கு மட்டும்தான். சுற்றியிருந்த மலைகளில் மேற்கே 22 ராஜ்ஜியங்கள், அதற்கு இப்பால் 24 ராஜ்ஜியங்கள் என்று கணக்கு வைத்திருந்தார்கள். பாய்சி, சௌபீசி என்று பெயரே எண்ணிக்கையை வைத்துத்தான். ஒரு மலைக்கு ஒரு ராஜா. நம் பாளையக்காரர்களை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். பள்ளத்தாக்குக்கு உள்ளேயும் ஒற்றுமை கிடையாது. காட்மாண்டு, பாட்டன், பக்தபூர் என்று கூப்பிடு தூரத்தில் மூன்று நகரங்கள், மூன்று மல்ல ராஜாக்கள், மூவரும் பங்காளிகள். பங்காளிச் சண்டை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 24-இல் ஒன்று கோர்க்கா. 1559-இல் திரவிய ஷா என்பவர் பிடித்த மலை. 1723 ஜனவரியில் அந்த அரண்மனையில் பிறந்தவர்தான் நம்மவர். அப்பா நரபூபால் ஷா, அம்மா கௌசல்யாவதி. 1743-இல், இருபது வயதில், பட்டத்துக்கு வந்தார். இன்றைக்கு வரைபடத்தில் நேபாளம் என்று நீளவாக்கில் கிடக்கிறதே, அதற்கு அடித்தளம் போட்டவர் அவர். அந்த நேபாளத்துக்கு முதல் மன்னர் என்று எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, தூத்துக்குடி: அவ்வளவு சின்ன ஊர் ராஜாவுக்கு அந்தப் பள்ளத்தாக்கின் மேல் எப்படி ஆசை வந்தது?

அதை அவரே சொல்லியிருக்கிறார், பாப்பா. சாகும் காலத்தில் நுவாகோட் அரண்மனையில் தன் ஆட்களை உட்காரவைத்துப் பழைய கதைகளையும் புத்திமதிகளையும் கலந்து பேசினார். அதை எழுதிவைத்தார்கள். 'திவ்ய உபதேசம்' என்று இன்றைக்கும் நேபாளத்தில் வழங்குகிறது. அதில் முதலில் வருவது ஒரு கல்யாணக் கதை.

சின்ன வயதிலேயே மக்வான்பூர் ராஜகுமாரியை அவருக்குக் கட்டிவைத்திருந்தார்கள். பெண்ணை அழைத்துவரப் போன இடத்தில் தகராறு. ஒற்றைத் தந்த யானை ஒன்றும் ஒன்பது லட்சம் பெறுமான ஹாரம் ஒன்றும் சீராகக் கேட்டார்கள், பெண் வீட்டார் மறுத்துவிட்டார்கள் என்று கதை. எப்படியோ, மாப்பிள்ளை பெண் இல்லாமல் கோபத்தோடு திரும்பினார். வரும் வழியில் சந்திரகிரி என்ற மலை. உச்சியில் நின்று கீழே பார்த்தவர், "நேபாளம் எது?" என்று கூட வந்தவர்களைக் கேட்டார். "அதோ அது பக்தபூர், அது பாட்டன், இது காட்மாண்டு" என்று கை காட்டினார்கள். இந்த மூன்று ஊருக்கும் நான் ராஜாவானால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் மனசில் பட்டதாம்.

கூட இரண்டு ஜோசியர்கள் இருந்தார்கள். அவர் வாய் திறக்கும் முன்பே, "மகாராஜா, உங்கள் மனசு ஆசையில் உருகுகிறது" என்றார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று இவருக்கு ஆச்சரியம். அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. கல்யாணம் நொடித்த கோபத்தில் வருகிற பையன், மலை உச்சியில் நின்று வயலும் கோபுரமுமாக நிறைந்து கிடக்கும் சமவெளியைக் கண் கொட்டாமல் பார்க்கிறான். ஜோசியம் தெரியாத எனக்கே புரிந்திருக்கும்.

எம்.ஜி., ஈரோடு: பணம் இல்லாத ராஜா துப்பாக்கி எப்படி வாங்கினார்?

வியாபார ஊரிலிருந்து வந்த கேள்வி, சரியான இடத்தைத் தொடுகிறது.

பட்டத்துக்கு வந்த கையோடு நுவாகோட்டைத் தாக்கினார். கோர்க்காவுக்கும் காட்மாண்டுவுக்கும் நடுவில் இருக்கும் மலைக்கோட்டை அது. திபெத்துக்குப் போகும் கேருங் பாதையின் கழுத்து அங்கேதான். அப்பாவும் 1737-இல் முயன்று தோற்றிருந்தார். மகனும் தோற்றார். வில்லும் வாளும் போதாது என்று புரிந்தது. உடனே "காசிக்குப் போகிறேன்" என்று கிளம்பிவிட்டார். போனது யாத்திரைக்குத்தான், திரும்பும்போது மூட்டையில் துப்பாக்கியும் மருந்தும் இருந்தன. துப்பாக்கி செய்யவும் சுடவும் கற்றுத்தரும் ஆட்களையும் கூட்டிவந்தார். அங்கே அபிமான் சிங் என்ற ராஜபுத்திரரின் மகள் நரேந்திர லட்சுமியை மணந்துகொண்டார். ஆயுதம் வாங்க அந்த மாமனாரும் உதவினார். முதல் மாமனார் வீட்டில் யானை கிடைக்கவில்லை, இரண்டாம் மாமனார் வீட்டில் துப்பாக்கி கிடைத்தது.

பணத்துக்கு வழி சொன்னவர் யார் தெரியுமா? பீசே நகர்ச்சி என்ற தையல்காரர். தையலும் மேளமும் தொழிலாகக் கொண்ட, தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிவைத்திருந்த சாதி. "கோர்க்காவில் 12,000 வீடு இருக்கிறது, வீட்டுக்கு ஒரு ரூபாய் வாங்குங்கள் மகாராஜா" என்று அவர் யோசனை சொன்னார் என்பது வாய்வழியாக வரும் கதை. கதையோ நிஜமோ, நேபாளத்துத் தலித்துகள் இன்றைக்கும் இதை விடாமல் சொல்கிறார்கள். நாட்டைக் கட்டியவர்களின் பட்டியலில் ராணாவும் பாண்டேயும் தாபாவும் மட்டும் இருந்தால் எப்படி என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அடுத்த வருஷமே, 1744-இல், நுவாகோட் விழுந்தது. இம்முறை படை படையாகப் போகவில்லை. திரிசூலி ஆற்றங்கரையில் வாய்க்கால் வெட்ட வந்த விவசாயிகள் மாதிரி மண்வெட்டியோடு போய் உட்கார்ந்துவிட்டார்கள் என்று சொல்வார்கள்.

நுவாகோட்டிலிருந்து காட்மாண்டு வேகமாக நடப்பவனுக்கு ஒரு ராத்திரி தூரம். அந்த ஒரு ராத்திரி தூரத்தைக் கடக்க அவருக்கு 24 வருஷம் ஆயிற்று. அவரைப் பற்றி எனக்கு உண்மையான மதிப்பு வருவது இங்கேதான். வீரம் என்று பார்த்தால் அந்த மலைகளில் எல்லோருக்கும் இருந்தது. காத்திருக்க இவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. பள்ளத்தாக்கைச் சுற்றி ஒவ்வொரு கணவாயாக அடைத்துக்கொண்டே வந்தார். உப்பு வரக்கூடாது, பஞ்சு வரக்கூடாது. அப்போது அங்கே இருந்த ஜியுசெப்பே என்ற கப்புச்சின் பாதிரியார், உப்போ பஞ்சோ கொண்டு போய் மாட்டியவர்களை வழியோர மரங்களில் தூக்கில் தொங்கவிட்டார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். ஆகவே காத்திருப்பு என்றவுடன் தவம் மாதிரி ஏதோ நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, மதுரை: ஒரு ஊரையே மூக்கறுத்தவர் என்று படித்தேன். அப்படிப்பட்டவரைப் பற்றி எழுத உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

எழுதாமல் விட்டால்தான் தப்பு என்பதால் மனசு வருகிறது, அம்மா.

ஊர் பெயர் கீர்த்திபூர். காட்மாண்டுவுக்குத் தென்மேற்கே ஆறேழு கிலோமீட்டர். மலை மேல், மதில் சூழ்ந்த ஊர்; பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நெவார்களுடையது. 1757-இல் முதல் தடவை தாக்கினார். தளபதி காலு பாண்டேக்கு அந்தச் சண்டையில் விருப்பமே இல்லை, இன்னும் நேரம் வரவில்லை என்றார் என்று சொல்வார்கள். ராஜா கேட்கவில்லை. காலு பாண்டே அந்த வயல்வெளியிலேயே செத்தார். ராஜாவும் செத்திருப்பார். காட்மாண்டு வீரன் ஒருவன் அவரைக் கண்டுபிடித்து வெட்டக் கை ஓங்கிவிட்டான். "ராஜாவை நம் கையால் கொல்லக் கூடாது" என்று பக்கத்தில் இருந்தவன் அந்தக் கையைப் பிடித்தான். அப்புறம் இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக நுவாகோட்டுக்கு ஓடினார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவன் கசாப்புச் சாதிக்காரன். சாவுக்குப் பயந்த ராத்திரியில் தீட்டு யாருக்கு ஞாபகம் வரும்?

அடுத்த ஏழு வருஷம் கீர்த்திபூர் பக்கம் அவர் போகவில்லை. 1764-இல் போனார். அப்போது தம்பி சூரப்பிரதாப் ஷாவின் ஒரு கண் அம்பில் போயிற்று. மூன்றாவது முறை முற்றுகை. 1766-இல், ஒருவர் காட்டிக்கொடுத்து, ஊர் பணிந்தது. சரணடைந்தால் ஒன்றும் செய்யமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்து நுவாகோட்டிலிருந்து உத்தரவு வந்தது. மூக்கையும் உதட்டையும் அறுக்கச் சொல்லி. கைக்குழந்தைகளையும், குழல் ஊதத் தெரிந்தவர்களையும் மட்டும் விட்டார்கள் என்று அதே பாதிரியார் எழுதுகிறார்.

குழல் ஊதுபவர்கள். இந்த ஒரு வரியில்தான் எனக்கு உடம்பு கூசியது. கோபத்தில் செய்தது என்று சமாதானம் சொல்ல முடியாதபடி யோசித்துச் செய்திருக்கிறார்கள். நாளைக்குத் திருவிழாவில் ஊத ஆள் வேண்டுமே என்று.

அறுத்த மூக்குகள் 17 தார்னி எடை இருந்தன என்று பழைய வம்சாவளி ஒன்று சொல்கிறது. அதாவது சுமார் 40 கிலோ. இது மிகை என்றும், தண்டனை கொஞ்சம் பேருக்குத்தான் என்றும் நேபாள வரலாற்றாசிரியர்களில் சிலர் வாதிடுகிறார்கள். எண்ணிக்கையில் மிகை இருக்கட்டும். ஆனால் 1793-இல், கிட்டத்தட்ட 27 வருஷம் கழித்து, கர்க்பேட்ரிக் என்ற ஆங்கில அதிகாரி அந்த வழியாகப் போனபோது, அவருடைய சுமை தூக்கியவர்களில் பல பேருக்கு மூக்கு இல்லை. ஏன் என்று விசாரித்துத்தான் அவருக்கே கதை தெரிந்தது. அந்தச் சுமைகூலிகளை எந்த வாதத்தாலும் மறைக்க முடியாது.

2012-இல் நானும் மனைவியும் பசுபதிநாதரைப் பார்க்கப் போனோம். கோரக்பூரிலிருந்து சுனௌலி எல்லை, அப்புறம் பஸ். மலைப்பாதையில் வாந்தியெடுத்து ஓய்ந்து, "இது என்ன ரோடு?" என்று மனைவி கேட்டபோது கண்டக்டர் சொன்னார்: பிருத்வி ராஜமார்க். மறுநாள் கீர்த்திபூர் போனோம். பாக் பைரவர் கோயில், அடுக்கடுக்கான கூரை. மேல் அடுக்கின் மரத்தில் வரிசையாகப் பழைய வாள்களும் கேடயங்களும் அடித்துவைத்திருந்தார்கள். துரு ஏறி, மரத்தோடு மரமாக. கீழே மூன்று கிழவர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில், இந்த வாள் யாருடையது என்று கேட்டேன். "சண்டையில் போட்டது" என்றார். யார் போட்டது, யார் ஜெயித்தது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூக்கின் மேல் விரலை வைத்து, பிறகு எடுத்துவிட்டு, தேங்காய் உடைக்கும் இடத்தைக் காட்டினார்.

எஸ். பி., நாகர்கோவில்: திருவிழா ராத்திரியில் புகுந்து ஊரைப் பிடித்தது வீரமா?

வீரம் இல்லை, கெட்டிக்காரத்தனம். 1768 செப்டம்பர், இந்திர ஜாத்திரை. குமாரி தேவியாகக் கும்பிடும் சிறுமியை ரதத்தில் வைத்து இழுக்கும் நாள். ஊரே கள் மயக்கத்தில் இருந்தது. கோர்க்காப் படை உள்ளே வந்தது. காட்மாண்டு ராஜா ஜெயப்பிரகாஷ் மல்லர் பாட்டனுக்கு ஓடினார். ஓடும்போதும் சும்மா ஓடவில்லை, தலேஜு கோயில் படியில் வெடிமருந்து வைத்துவிட்டுப் போனார். அது வெடித்து கோர்க்காத் தளபதி ஒருவர் செத்தார். அதெல்லாம் முடிந்ததும் நம்மவர் ஜாத்திரையை நிறுத்தவில்லை. "நடக்கட்டும்" என்று சொல்லி, நேற்று வரை ஜெயப்பிரகாஷ் நின்ற இடத்தில் தான் போய் நின்று குமாரியிடம் பொட்டு வாங்கிக்கொண்டார் என்பது வழக்கு. ராத்திரியில் ராஜா மாறினார், காலையில் திருவிழா தொடர்ந்தது. சாமியே பொட்டு வைத்தபின் ஊரார் என்ன சொல்ல முடியும்?

பாட்டன் சில வாரங்களில் பணிந்தது. 1769 நவம்பரில் பக்தபூர். மூன்று மல்லர்களும் அங்கேதான் ஒன்றாக மாட்டினார்கள். ஆயுசு முழுக்க அடித்துக்கொண்ட பங்காளிகள் கடைசியில் ஒரே அரண்மனைக்குள்! ஜெயப்பிரகாஷுக்குக் காலில் குண்டடி. பசுபதி கோயில் ஆற்றங்கரையில் சாக விடுங்கள் என்று கேட்டார், விட்டார்கள். பாட்டன் ராஜா சிறையில் செத்தார். பக்தபூரின் ரணஜித் மல்லர் வயதானவர். நம்மவர் இளவயதில் அந்த அரண்மனையில் தங்கி, அவர் வீட்டுப் பிள்ளையோடு 'மித்' உறவு கட்டிக்கொண்டவர். மித் என்பது சடங்கு செய்து சகோதரனாக ஏற்பது, சாகும்வரை செல்லும். அதனால் ரணஜித் அவருக்கு அப்பா முறை. அந்த அப்பாவைக் காசிக்கு அனுப்பிவைத்தார். போகும் வழியில் கிழவர் சந்திரகிரி உச்சியில் திரும்பி நின்று அழுது பாடினாராம். இளைஞராக இவர் எந்த மலையில் நின்று ஆசைப்பட்டாரோ அதே மலை.

கே. ஆர்., சேலம்: வெள்ளைக்காரனை ஜெயித்தவர் என்கிறார்களே?

ஜெயித்தார். 1767-இல் ஜெயப்பிரகாஷின் கூக்குரலைக் கேட்டு கிழக்கிந்தியக் கம்பெனி கேப்டன் கின்லாக் என்பவரைப் படையோடு அனுப்பியது. கருணை ஒன்றும் இல்லை, திபெத் வியாபாரம் அடைபட்டதுதான் காரணம். மழைக்காலத்தில் மலையடிவாரத் தராய்க் காட்டுக்குள் இறங்கினார்கள். பாதிப் பேரைக் காய்ச்சல் பார்த்துக்கொண்டது, மீதியை சிந்துலி மலையில் கோர்க்காக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். குளவிக் கூட்டைக் கலைத்துவிட்டார்கள், காஞ்சொறிச் செடியால் அடித்தார்கள் என்றுகூடக் கதை உண்டு. ஓடியவர்கள் விட்டுப்போன துப்பாக்கிகள் அடுத்த சண்டைக்கு உதவின. பிளாசி நடந்து பத்தே வருஷம் என்பதை மறக்க வேண்டாம்.

கப்புச்சின் பாதிரியார்களையும் பிறகு வெளியேற்றினார். அவர்களோடு போன நெவார் கிறிஸ்தவர்கள் பீகாரில் பேத்தியா அருகே சுஹாரி என்ற ஊரில் குடியேறினார்கள்.

டி. எல்., அம்பத்தூர்: எங்கள் தெருவில் ராத்திரி விசில் ஊதும் கூர்க்காவுக்கும் இந்த ராஜாவுக்கும் சம்பந்தம் உண்டா?

பெயர் அங்கிருந்துதான். கோர்க்காவிலிருந்து வந்த படை என்பதால் வெள்ளைக்காரன் எல்லா நேபாளிகளையும் கூர்க்கா என்றான். 1814-இல் மூண்ட சண்டையில் அவர்கள் அடித்த அடியைப் பார்த்து, 1815-இலேயே தன் படையில் சேர்க்கத் தொடங்கிவிட்டான். 1947-இல் பத்து கூர்க்கா ரெஜிமென்ட்களை இந்தியாவுக்கு ஆறு, பிரிட்டனுக்கு நாலு என்று பிரித்துக்கொண்டார்கள். சொத்துப் பிரிக்கிற மாதிரி.

எங்கள் தெருவிலும் ஒருவர் வந்துகொண்டிருந்தார். மாசம் முதல் வாரம் கேட்டில் தடியால் இரண்டு தட்டு, முப்பது ரூபாய். பதினைந்து வருஷம் நாங்கள் யாரும் அவர் பெயரைக் கேட்டதில்லை, எல்லோருக்கும் அவர் கூர்க்கா. காட்மாண்டு போய்வந்த தெம்பில் ஒருநாள் "கோர்க்காவில் எந்த ஊர்?" என்றேன். சிரித்துவிட்டார். அவருக்கு ஊர் டோட்டி. நேபாளத்தின் மேற்குக் கோடி. கோர்க்காவை அவர் பார்த்ததே இல்லை. புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், டோட்டியைக் கோர்க்காப் படை பிடித்ததே 1790-இல், அதாவது நம் ராஜா செத்துப் பதினைந்து வருஷம் கழித்து. யார் படை தன் ஊரைப் பிடித்ததோ அவர்கள் பெயரைச் சுமந்துகொண்டு அம்மனிதர் எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தார். பெயரை அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வி.எஸ்., திருவண்ணாமலை: கோரக்நாதர் அருளால் நாடாண்டவர் என்று ஒரு சாது சொன்னார். உண்மையா?

சிறுவனாக இருந்தபோது குகையில் ஒரு யோகி தயிர் கேட்டாராம், அவர்தான் கோரக்நாதர் என்று கதை. இவர் கொண்டுவந்த தயிரை வாயில் விட்டு, இவர் கையிலேயே துப்பினாராம். குடிக்க மனமில்லாமல் பையன் கையை விரிக்க, தயிர் காலில் விழுந்தது. "குடித்திருந்தால் நீ சொன்னதெல்லாம் பலித்திருக்கும். போகட்டும், உன் கால் பட்ட இடமெல்லாம் உனக்கு" என்றாராம் யோகி. கோர்க்கா என்ற பெயரே கோரக்நாதரிடமிருந்து வந்தது, அரண்மனைக்குக் கீழே அவர் குகை இருக்கிறது. மேற்கொண்டு உங்கள் நம்பிக்கை. கால் பட்டும் கிடைக்காத இடங்கள் இருந்தன என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். பக்கத்து வீடு மாதிரி இருந்த லம்ஜூங்கைக்கூட அவர் காலத்தில் பிடிக்க முடியவில்லை. அது விழுந்தது 1782-இல்.

என். ஜே., கோயம்புத்தூர்: 'இரண்டு பாறைக்கு நடுவில் கிழங்கு' என்று நேபாளத்தைச் சொல்வார்களே, அது இவர் சொன்னதா? என்ன கிழங்கு?

இவர் சொன்னதுதான், அதே திவ்ய உபதேசத்தில். வடக்கே சீன பாதுஷா, தெற்கே கடல் பாதுஷா, அதாவது வெள்ளைக்காரன். இரண்டு பேரோடும் சிநேகமாக இரு, தெற்கே இருப்பவன் கெட்டிக்காரன், ஜாக்கிரதை என்றார். நேபாளி மொழியில் 'தருல்'. கொடியில் வரும் வள்ளிக்கிழங்கு வகை, நம் சர்க்கரைவள்ளி இல்லை. பாறை இடுக்கில் மாட்டினால் கிழங்கு தன் உருவத்தை மாற்றிக்கொண்டு, கோணல்மாணலாக, ஆனால் பருத்துக்கொண்டேதான் போகும். தோட்டத்தில் கிழங்கு தோண்டியவனுக்குத் தெரியும் இந்த உவமையின் அருமை. நாம் பொங்கல் வைக்கும் அதே தை முதல் நாளில் அவர்கள் மாகே சங்கராந்தி என்று தருல் கிழங்கை வேகவைத்து, எள்ளுருண்டையும் நெய்யுமாகச் சாப்பிடுகிறார்கள்.

அந்தப் பேச்சு முழுவதுமே இப்படித்தான், ஒரு குடியானவப் பெரியவர் பேசுகிற மாதிரி இருக்கிறது. சுரங்கம் உள்ள இடத்தில் ஊர் இருந்தால் ஊரை நகர்த்திவிட்டுத் தோண்டு. நெல் விளையும் நிலத்தில் வீடு இருந்தால் வீட்டை வேறு இடத்துக்கு மாற்று, வாய்க்கால் வெட்டு. அந்நியத் துணி வாங்காதே. லஞ்சம் கொடுப்பவன், வாங்குபவன் இருவருமே எதிரி. ராஜாவின் களஞ்சியம் குடிமக்கள்தான். பாட்டுக்கூத்து வேண்டுமானால் தெற்கிலிருந்து ஆள் வரவழைக்காதே, செலவு. மூன்று ஊர் நெவார்களின் ஆட்டமே போதும் என்கிறார். மூக்கறுத்த ஊர்க்காரர்களும் நெவார்கள்தானே என்று எனக்கு உடனே தோன்றியது.

பி. எம்., புதுச்சேரி: நாட்டை ஒன்றுசேர்த்தவரா, ஆக்கிரமித்தவரா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் முடியாது. நேபாளத்திலேயே முடியவில்லை. காட்மாண்டுவில் அரசுச் செயலகமான சிங்க தர்பாருக்கு எதிரே ஒற்றை விரலை உயர்த்தி நிற்கும் சிலை அவருடையதுதான். 2006 மக்கள் எழுச்சியின்போது வேறு இடங்களில் அவர் சிலைகள் உடைபட்டன. அவர் பிறந்தநாளான ஒற்றுமை தின விடுமுறையை ஒரு அரசு எடுத்துவிடும், இன்னொரு அரசு திருப்பிக் கொடுக்கும். இந்த நாடு 'நாலு ஜாதி, முப்பத்தாறு வருணத்தின் பூந்தோட்டம்' என்று அவர் சொன்னதை ஒரு சாரார் மேடைதோறும் சொல்கிறார்கள். தோட்டக்காரன் யார், பறித்தவன் யார் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள்.

கிழக்கே லிம்புக்களின் நாட்டைப் பிடித்தபோது, 1774-இல், அவர்களுடைய பரம்பரைப் பொது நிலத்துக்கு 'கிபட்' உரிமையை லால் மோகர் என்ற செம்முத்திரை போட்டு எழுதிக்கொடுத்தார். அந்தக் காகிதத்தை லிம்புக்கள் தலைமுறை தலைமுறையாகப் பத்திரப்படுத்தி வாதாடினார்கள். கீர்த்திபூரில் வாக்கைக் காற்றில் விட்ட அதே மனிதர் கொடுத்த காகிதம்.

அதே ஒன்பதாம் வகுப்பு மாணவி: கடைசியில் அவருக்கு என்ன ஆயிற்று?

இரண்டு கேள்விக்கு ஒரே தபால்தலை, கெட்டிக்காரி. 1775 ஜனவரியில், பிறந்தநாள் வாக்கில், 52 வயதில் செத்தார். காட்மாண்டுவில் இல்லை. அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த ஊரில் அவர் நிலைத்து உட்காரவே இல்லை, குளிருக்கு நுவாகோட்டுக்குத்தான் போவார். அங்கே ஏழு அடுக்கு அரண்மனை ஒன்று கட்டியிருந்தார். செங்கல்லும் செதுக்கிய மர ஜன்னலுமாக, நெவார் கைவண்ணத்தில். 2015 நிலநடுக்கத்தில் அதற்குப் பலத்த அடி. அரண்மனைக்குக் கீழே மலை இறங்கினால் தாடி ஆறு வந்து திரிசூலியில் கலக்கும் தேவிகாட். அந்த ஆற்றங்கரைக்குத்தான் அவரைத் தூக்கிப்போனார்கள். காசியிலிருந்து துப்பாக்கியோடு திரும்பி, வாய்க்கால் வெட்டுகிற மாதிரி ஆட்களை உட்காரவைத்தாரே, அதே திரிசூலி.